கூலிக் கொலைகாரன் ஓய்வு பெற்ற பிறகு: வேலேண்டர் இரண்டாம் பாகம் தேவையா?

ஜூன் 4

ஆங்கில ஃபேன்டஸி நாவலாசிரியர் டேவிட் ஜெம்மலின் ‘வேலேண்டர்’ வரிசையில் முதல் புத்தகத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும், இரண்டாவதை எழுதியே இருக்கக் கூடாது என்கிறார் ஒரு வாசகர். அவர் சொல்லும் காரணம்: முதல் கதையில் ஒரு கூலிக் கொலைகாரன் திருந்திவிட்டான். டான்யால் என்ற துணை கிடைத்தாள், அநாதைப் பிள்ளைகள் கிடைத்தார்கள். திருந்தியவனை மறுபடி ஆயுதம் எடுக்க வைப்பது, முதல் கதையை நம்பிப் படித்தவனை ஏமாற்றுகிற வேலை.

எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. 1986-ல் வந்த முதல் புத்தகம் நல்ல கதை. 1992-ல் வந்த இரண்டாவதுதான் முக்கியமான கதை. முதலாவதில் ஒருவன் திருந்துகிறான், அவ்வளவுதான். திருந்தியவனை ஊர் சும்மா விடுமா என்று கேட்பது இரண்டாவது. அவன் நிம்மதியாக இருந்த வருடங்களுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்றும் கேட்கிறது. இந்தக் கேள்விகள் இல்லாமல் ‘திருந்திவிட்டான்’ என்பதற்குப் பாதி அர்த்தம்தான்.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். வேலேண்டரின் சொந்தப் பெயர் டகேராஸ். கொள்ளையர்கள் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிட, அவர்களைத் தேடித் தேடிக் கொன்று, அந்தப் பழக்கத்திலேயே காசுக்குக் கொல்கிறவனாக மாறியவன். காசு வாங்கிக்கொண்டு ட்ரெனாய் நாட்டு மன்னனையே கொன்றான், அதனால் நாடே எதிரிப் படையிடம் சிக்கியது. முதல் புத்தகம் அதற்கு அவன் செய்யும் பிராயச்சித்தம். இரண்டாவது பல வருடங்கள் கழித்து நடக்கிறது. டான்யால் இறந்துவிட்டாள். வளர்ப்பு மகள்கள் இருவர், இரட்டையர். ஒருத்தி கிரில்லா, கல்யாணமாகிப் போனவள். இன்னொருத்தி மிரியல், மலைக்காட்டில் அப்பாவோடு இருக்கிறாள். நாட்டை ஆளும் கர்னாக்கின் மகன் போடலனால் கிரில்லா சாகிறாள். உண்மை தெரிந்தால் வேலேண்டர் தன் மகனைத் தேடி வருவான் என்று பயந்து, கர்னாக் முந்திக்கொண்டு வேலேண்டர் மேல் கொலையாளிகளை ஏவுகிறான்.

அதாவது ஓய்வில் இருந்தவனை வெளியே இழுத்தது அவனுடைய பழைய ஆசை இல்லை. இழுத்தது இன்னொருவனின் பயம். ஏமாற்று வேலை என்கிறவர் இந்த இடத்தைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

ஜூன் 4, இரவு

முடிவு வரை எல்லாவற்றையும் பேசப் போகிறேன். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 6

கர்னாக் இவ்வளவு மடையனா என்று ஒரு கேள்வி. முதல் புத்தகத்தில் கோட்டையைக் காத்து நின்ற மாவீரன், இதில் தானே போய்ப் புலி வாலைப் பிடிக்கிறானே, கதை நடக்க வேண்டும் என்பதற்காக ஆசிரியர் அவனை முட்டாளாக்கிவிட்டாரா?

இல்லை. எனக்குப் புத்தகத்திலேயே மிகவும் பிடித்த கணக்கு இதுதான். கர்னாக்குக்கு வேலேண்டரைத் தெரியும். ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்கள். அந்தப் போரில் ட்ரெனாய் பக்கத்துக்குத் தெம்பு கொடுத்த வெண்கலக் கவசத்தை உயிரைப் பணயம் வைத்துத் தேடி எடுத்தவன் வேலேண்டர். அதனாலேயே அவனால் என்ன செய்ய முடியும் என்று மற்ற எல்லோரையும்விடக் கர்னாக்குக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரியாதவன் அலட்சியமாக இருந்திருப்பான். கர்னாக்குக்குத் தெரிந்ததால் தூக்கம் போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. கர்னாக் கெட்டவன் இல்லை. நாட்டுக்காக உண்மையாகவே உழைத்தவன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மகன் என்று வந்தபோது நியாயம் செய்ய மனம் வரவில்லை. பெயருக்கு ஒரு தண்டனை கொடுத்துவிட்டு, பாதிக்கப்பட்டவனைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறான். மகனுக்குச் சரியான தண்டனை கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வேலேண்டர் மலையில் இருந்திருப்பான், இறந்த மகளுக்காக அழுதிருப்பான். எத்தனையோ வீரக் கதைகளில் கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம். இதிலும் அப்படி ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றிப் பிறகு. ஆனால் முதல் கல்லை உருட்டியது பிள்ளைப் பாசம். அதை வில்லத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதுதான் தொந்தரவாக இருக்கிறது.

ஜூன் 7

கர்னாக்குக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இல்லை. கிரில்லாவின் சாவுக்குக் கேட்க நாதி இல்லாமல் போனதற்கு அவனே பொறுப்பு. அவனைப் புரிந்துகொள்ள முடிகிறது என்றுதான் சொன்னேன்.

ஜூன் 9

‘ஓய்வு பெற்ற ஆள் என்கிறார்கள், ஆனால் இவன் ஒருநாள்கூட ஓய்வாக இல்லையே, பயிற்சி, வேட்டை என்று திரிகிறான், இது என்ன ஓய்வு?’ என்று கேட்டவருக்கு.

என் அப்பா லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கை விட்டு வெகுகாலம் ஆன பிறகும் யார் வண்டியிலும் சும்மா ஏற மாட்டார். முதலில் ஒரு சுற்று சுற்றி வருவார். ஒவ்வொரு டயரையும் காலால் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே குனிந்து கல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். கார்தான், ஒற்றைச் சக்கரம்தான், கல் சிக்க அங்கே இடமே கிடையாது. ஆனாலும் குனிவார். நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்போம். முழங்கால் வலி வந்த பிறகு, கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

டகேராஸ் செய்வது இதைத்தான். தொழிலை விட்டான், சரி. உடம்பு விடவில்லை. முதல் வாசிப்பில் அந்தப் பயிற்சிப் பக்கங்கள் எனக்கு வெறும் சண்டைக்கு முன்னோட்டமாகத் தெரிந்தன. மலைப் பாதையில் ஓடுகிறான், மூச்சு வாங்குகிறது, இளம் வயதில் தெரியாத வலி தெரிகிறது, நிறுத்த மறுக்கிறான். அப்பாவைப் பார்த்த பிறகு அதே பக்கங்களைப் படித்தால் மனசு கனத்துப்போகிறது. யாரும் தேடி வராத காலத்திலும் அவன் யாரோ தேடி வருவார்கள் என்றே வாழ்ந்திருக்கிறான். அந்த வருடங்களில் டான்யால் எப்படி இருந்திருப்பாள் என்று யோசியுங்கள். ஜெம்மல் அதை எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 10

ஏஞ்சலைப் பற்றி யாரும் பேசவில்லையே! புத்தகம் தொடங்குவதே அவனில்தான். விடுதி மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும், முகம் முழுக்கத் தழும்பு விழுந்த பழைய அரங்கச் சண்டைக்காரன். கூட்டத்தின் கைதட்டலுக்காகக் கொன்றவன் அவன், காசுக்காகக் கொன்றவன் வேலேண்டர். இருவருமே தொழில் முடிந்தவர்கள். வேலேண்டரை எச்சரிக்க மலைக்குப் போன ஏஞ்சலை, மிரியலுக்கு வாள் பயிற்சி கொடுக்கும் வாத்தியாராக வேலேண்டர் அமர்த்துகிறான். அதாவது ஓய்வு பெற்றவன் கதை என்று சொல்லி ஓய்வு பெற்ற இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார் ஜெம்மல். ஏஞ்சலுக்கு அடக்க முடியாத கோபம், முணுமுணுப்பு, கூடவே பாசம். வேலேண்டர் உள்ளுக்குள் உறைந்துபோனவன். எனக்கு ஏஞ்சல் வரும் பக்கங்கள்தான் உயிரோட்டமாக இருக்கின்றன, தலைப்பில் பெயர் இருப்பவனைவிட.

ஜூன் 10

ஏஞ்சலுக்கும் மிரியலுக்கும் நடுவில் வரும் காதல் பற்றிக் கேட்டால் பதில் வேறு. அதற்குத் தனியாக வருகிறேன்.

ஜூன் 15

ராபின் ஹாப் என்ற இன்னொரு ஃபேன்டஸி எழுத்தாளரைப் படித்துவிட்டு ஜெம்மலைப் படித்தால் பொம்மைக் கதை மாதிரி இருக்கிறது என்ற கருத்துக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதில் பாதி உண்மை.

ஹாபின் ‘ஃபூல்ஸ் எர்ரண்ட்’ 2001-ல் வந்தது. அதுவும் ஒதுங்கிப்போன கொலையாளியின் கதைக்குத் தொடர்ச்சி. அரண்மனைக்காக ரகசியக் கொலைகள் செய்யப் பழக்கப்பட்ட ஃபிட்ஸ், செத்துவிட்டதாக உலகம் நம்பிக்கொண்டிருக்க, டாம் பேட்ஜர்லாக் என்ற பெயரில் ஒரு குடிசையில் வாழ்கிறான். கூட ஒரு கிழ ஓநாய், நைட்ஐஸ். ஒரு வளர்ப்புப் பையன், ஹேப். பல பக்கங்களுக்கு வேறு ஒன்றுமே நடக்காது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கதவைத் தட்டுவார்கள். குருநாதர் சேய்ட் வருவார், ஸ்டார்லிங் வருவாள், விதூஷகன் வருவான். பேச்சு, சாப்பாடு, பழைய கதை, வெட்டிய விறகு, ஓநாயின் மூட்டு வலி. இதைத் தாங்க முடியாமல் பாதியில் மூடி வைத்தவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் புத்தகம். அரச குமாரன் காணாமல் போன துப்பறியும் பகுதி அதற்குக் கொடுத்த கூலி.

ஓய்வு என்ற நிலையை எழுதியவர் ஹாப்தான், இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஜெம்மல் ஓய்வு கலையும் நாளிலிருந்து தொடங்குகிறார். நேற்று வரை அந்த மலையில் சமையல் யார் செய்தது, மழைக்காலத்தில் அப்பாவும் மகளும் என்ன பேசிக்கொண்டார்கள், எதுவும் வராது. அவர் பத்திரிகைக்காரராக இருந்தவர், முதல் பத்தியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுவது அவர் கைப்பழக்கம். அவர் பலமும் அதுதான், பற்றாக்குறையும் அதுதான்.

ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது, பேசப்பட வேண்டியது அதுதான். இரண்டு கொலையாளிகளும் பிள்ளை வளர்க்கிறார்கள். ஃபிட்ஸ் தன் வித்தையில் எதையும் ஹேப்புக்குக் கற்றுக் கொடுப்பதில்லை. பையனை ஒரு நல்ல மரவேலைக் கலைஞரிடம் சீடனாகச் சேர்க்க ஆசைப்படுகிறான், அதற்குக் கொடுக்கப் பணம் போதவில்லை என்று தவிக்கிறான். இத்தனை ரகசியம் தெரிந்தவன், ஒரு ராஜ்ஜியத்தையே காப்பாற்றியவன், பிள்ளையின் படிப்புச் செலவுக்கு வழி தெரியாமல் நிற்கிறான். டகேராஸ் நேர்மாறு. மிரியலுக்கு வில், கத்தி, காட்டில் தடம் பார்ப்பது, எல்லாம் சொல்லிக் கொடுக்கிறான். தனக்குத் தெரிந்ததை மிச்சம் வைக்காமல் கொடுக்கிறான்.

இருவரில் நல்ல அப்பா யார்? எனக்கு ஃபிட்ஸ். தயங்காமல் சொல்கிறேன்.

ஜூன் 16

நேற்றைய கேள்விக்கு வந்த எதிர்ப்பை எதிர்பார்த்தேன், இவ்வளவு சூடாக எதிர்பார்க்கவில்லை. ‘டகேராஸ் கற்றுக் கொடுக்காமல் இருந்தால் மிரியல் முதல் சில அத்தியாயங்களிலேயே பிணம்’ என்கிறார் ஒருவர். உண்மை. ‘ஒரு குடும்பத்தை வாசலில் வைத்துப் பறிகொடுத்தவன் மறுபடி மகளை வெறுங்கையோடு விடுவானா?’ என்கிறார் இன்னொருவர். இதுவும் உண்மை, இது நெஞ்சைத் தொடும் வாதமும்கூட. அவன் பயிற்சி கொடுப்பது வீரத்துக்காக இல்லை, பயத்தால். தான் இல்லாத நேரத்தில் கதவு உடைபட்டால் என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டவன்.

இருந்தாலும் நான் கேட்பது வேறு. மிரியலுக்கு யார் எதிரி? அவள் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யவில்லை. அவள் கையில் வில் தேவைப்பட்டதே அப்பா செய்த தொழிலால். தன்னால் வந்த ஆபத்துக்குத் தன்னாலான மருந்து கொடுக்கிறான், மருந்தும் அதே விஷத்திலிருந்து எடுத்தது. புத்தகத்தின் நடுவில் மிரியல் ஆளைக் கொல்லப் பழகிவிட்டதை அவள் சங்கடத்தோடு உணரும் இடம்தான் எனக்கு உச்சம். அங்கே இந்தக் கதை யாருடையது என்பது மாறிவிடுகிறது. ஓய்வு பெற்றவனைப் பற்றிய கதை, அவன் தொழிலுக்கு வாரிசாகிவிடுவோமோ என்று பயப்படும் பெண்ணின் கதையாகிவிடுகிறது.

ஜூன் 16

இன்னும் ஒன்று. முதல் புத்தகத்தில் இதே விஷயத்தை டார்டேலியன் என்ற மதகுருவை வைத்துச் சொல்லியிருக்கிறார். திருடுபோன குதிரையைத் தேடி வந்த வேலேண்டர், போகிறபோக்கில் சித்திரவதையிலிருந்து காப்பாற்றும் அந்தச் சாது, அவனோடு பழகப் பழகப் போர்க்குணம் கொள்கிறான். வேலேண்டர் அவனால் இளகுகிறான். ஒருவர் குணம் மற்றவருக்குத் தொற்றிக்கொள்வது ஜெம்மலுக்கு அலுக்காத விஷயம். டார்டேலியன் வளர்ந்த ஆள், தானே தேர்ந்தெடுத்தான். மிரியலுக்கு அந்த வாய்ப்பு சின்ன வயதிலேயே போய்விட்டது.

ஜூன் 22

குறைகள். இந்தப் புத்தகத்தை நேசிப்பவர்கள்தான் இதைச் சொல்ல வேண்டும், வேறு யாராவது சொன்னால் கோபம் வருகிறது.

முதல் குறை ஜூ சாவோ. அரண்மனைக்குப் பின்னால் இருந்து எல்லோரையும் ஆட்டிவைக்கும் மந்திரவாதி. கிழக்கத்தியப் பெயர், வஞ்சகம், ரத்தச் சடங்கு. இந்த மாதிரி ‘கீழைநாட்டு வஞ்சகன்’ ஆங்கிலச் சாகசக் கதைகளில் நூறு வருடமாக வந்து சலித்துப்போன உருவம். 1992-ல் அதை மறுபடி தூசி தட்டி எடுத்திருக்க வேண்டியதில்லை. நாதிர் என்ற புல்வெளி நாடோடிகளும் மங்கோலியர்களைப் பார்த்து வரையப்பட்டவர்கள்தான். பல பக்கங்களில் ‘காட்டுமிராண்டிக் கூட்டம்’ என்ற அளவிலேயே நிற்கிறார்கள். ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: அவர்களில் பெலாஷ் இருக்கிறான். வேலேண்டரைக் கொல்ல வந்த கூட்டத்தில் ஒருவனாக வந்து, தன் இனத்தின் மானத்தையும் தன் வார்த்தையையும் எடைபோட்டுப் பார்க்கும் மனிதனாக வளர்கிறான். கேசா கான் என்ற கிழப் பூசாரி வாய் திறந்தாலே சுவாரசியம். நாதிரை வேட்டையாடும் கோதிர் பேரரசுதான் கதையில் உண்மையான கொடுமைக்காரன் என்பதையும் ஜெம்மல் தெளிவாகவே வைத்திருக்கிறார். ஆனாலும் ஜூ சாவோ ஒரு கறை. அந்தக் காலத்துப் புத்தகம் அப்படித்தான் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

இரண்டாவது குறை, கடைசி மூன்றில் ஒரு பங்கு. கர்னாக்கின் பயம், மகளின் சாவு, அப்பாவின் வயது என்று இவ்வளவு மனிதத்தனமாக வந்த கதை, திடீரென்று பாழடைந்த பழைய கோட்டை, மாயப் படிகம், உருமாறிய மிருகங்கள் என்று வேறு தடத்துக்குப் போய்விடுகிறது. கோட்டை முற்றுகை என்றால் ஜெம்மலுக்குக் கை தானாக எழுதும், அதனால் பக்கங்கள் பறக்கும். ஆனால் என் மனசு கர்னாக்கிடமே நிற்கிறது. அவனும் டகேராஸும் ஒரே அறையில் உட்கார்ந்து, இறந்த பெண்ணைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் பேசியிருக்க வேண்டும். எத்தனை மிருகங்களை வெட்டிச் சாய்த்தாலும் அந்தப் பேச்சுக்கு ஈடாகாது.

மூன்றாவது, காதல். சென்டா என்ற வாள்வீரன் கொல்ல வந்த இடத்தில் மிரியலைப் பார்த்த மாத்திரத்தில் காதல் என்கிறான். அழகாகப் பேசுகிறான், சிரிப்பு வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு பக்கம் சென்டா, ஒரு பக்கம் ஏஞ்சல் என்று மிரியலை நடுவில் நிறுத்தியதில் அவள் சொந்தக் குரல் கம்மிவிடுகிறது. அதிலும் ஏஞ்சல் அவளுக்கு வாள் சொல்லிக் கொடுத்தவன், அப்பா வயதுக்கு நெருங்கியவன். வாத்தியாராகவே இருந்திருந்தால் அந்தப் பாத்திரம் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஜூன் 24

‘குறை சொல்லிச் சொல்லி முதல் நாள் சொன்னதையே மறுத்துவிட்டீர்கள்’ என்கிறார்கள். மறுக்கவில்லை. இரண்டாவதுதான் முக்கியமான கதை என்ற பேச்சு அப்படியே இருக்கிறது. முதல் புத்தகம் வழுவழுவென்று முடிந்த பண்டம், கை வைக்க இடமில்லை, படித்து முடித்தால் திருப்தி. இரண்டாவதை முடித்தால் மண்டைக்குள் குடைச்சல். வாரக்கணக்கில் இதையே பேசிக்கொண்டிருக்கிறோம், முதல் புத்தகத்தைப் பற்றி இப்படிப் பேசுவோமா?

ஜூன் 28

ஜெம்மலுக்கு ஏன் வயதான வீரர்கள் மேல் இவ்வளவு பிரியம் என்று கேட்டார் ஒருவர். அவர் முதல் நாவல் ‘லெஜண்ட்’, 1984-ல் அச்சானது. அதை எழுதியது அதற்கும் முன்னால், 1976-ல். தனக்குப் புற்றுநோய், பிழைப்பது கஷ்டம் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். முற்றுகையிடப்பட்ட கோட்டையும் அதைக் காக்க மலையிலிருந்து இறங்கி வரும் அறுபது வயது ட்ரஸ்ஸும் அந்தப் பயத்திலிருந்து பிறந்தவர்கள். கோட்டை அவர் உடம்பு, படையெடுத்து வருவது நோய். கோட்டை விழுமா நிற்குமா என்பதை மருத்துவ முடிவு வந்த பிறகு தீர்மானிக்க நினைத்திருந்தாராம். நோய் இல்லை என்று தெரிந்தது. அவர் பிறந்தது 1948, இறந்தது 2006, 57 வயதில். தான் எழுதிய கிழவன் ட்ரஸ்ஸின் வயதைக்கூட அவர் எட்டவில்லை. இது தெரிந்த பிறகு அவருடைய எந்தக் கிழவன் பாத்திரத்தையும் என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை.

ட்ரஸ்ஸையும் டகேராஸையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ட்ரஸ் சாவைத் தேடித்தான் கோட்டைக்கு வருகிறான், படுக்கையில் கிடந்து சாக மறுக்கிறவன். அவன் திரும்பி வருவது கொண்டாட்டம், வீரர்கள் அவன் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கிறார்கள். டகேராஸ் திரும்பி வருவதில் யாருக்கும் சந்தோஷம் இல்லை, அவனுக்கே இல்லை. ஒரு பழைய போர்வீரன் கோடரியை எடுத்தால் பாட்டு எழுதுவார்கள். ஒரு பழைய கூலிக் கொலைகாரன் வில்லை எடுத்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒரே ஆசிரியர் இரண்டையும் எழுதியிருக்கிறார் என்பதை இந்த வரிசையை மட்டமாகப் பேசுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஜூலை 1

மூன்றாவது புத்தகம், ‘ஹீரோ இன் த ஷேடோஸ்’, 2000-ல் வந்தது. ‘அசல் ஓய்வு அதில்தான், அதை ஏன் விட்டீர்கள்?’ நியாயமான கேள்வி. அதில் அவன் வேறு நாட்டில், சாம்பல் மனிதன் என்ற பெயரில், பெரிய பணக்காரன். மாளிகை, வேலைக்காரர்கள், செல்வாக்கு. மலைக்குடிலில் ஒளிந்தவன் இதில் பணத்துக்குப் பின்னால் ஒளிகிறான். கட்டுக்கோப்பில் மூன்றில் இதுதான் சிறந்தது, பள்ளம் தோண்டும் வேலையை உதறிவிட்டு வாளோடு கிளம்பும் யூ யூ லியாங் ஒருவனுக்காகவே படிக்கலாம். கிழக்கத்தியப் பாத்திரங்கள் விஷயத்தில் ஜூ சாவோவுக்கு ஒரு பரிகாரம் போலவும் இருக்கிறது.

ஆனால் அதில் அவனுக்கு இழக்க யாரும் இல்லை. அவன் செத்தால் அழ ஆளில்லை, அவனும் அதற்குத் தயாராகிவிட்டான். இரண்டாவதில் மிரியல் இருக்கிறாள். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

ஜூலை 2

பக்க அளவு பற்றிச் சுருக்கமாக. ஹாப் ஒரு குடிசைக்குச் செலவிடும் பக்கங்களில் ஜெம்மல் ஒரு போரையே முடித்துவிடுவார். எது சரி என்று சண்டை போட வேண்டாம். இரண்டும் வேண்டும்.

ஜூலை 5

புதிதாகப் படிக்க வருபவர்கள் எதில் தொடங்குவது என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவதை நேராகவே எடுக்கலாம், ஒன்றும் புரியாமல் போகாது என்று பலர் சொல்கிறார்கள். கதை புரியும்தான். இருந்தாலும் வேண்டாம் என்கிறேன், கிரில்லாவுக்காக.

இரண்டாவது புத்தகத்தில் கிரில்லா ஒரு பெயர். அவள் சாவு ஒரு காரணம், அதைப் பிடித்துக்கொண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். கல்யாணமான பிறகு அவள் எப்படி இருந்தாள், மலையை விட்டுப் போனது அப்பாவை விட்டுப் போகத்தானா, அக்கா தங்கைக்குள் என்ன பேச்சு இருந்தது, போதிய அளவு வராது. வேகமாகப் படிக்கிறவர் அவளை மறந்தே போகலாம். இந்தப் புத்தகத்தின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறை, ஜூ சாவோவைவிடப் பெரியது, இதுதான்.

முதல் புத்தகத்தைப் படித்தவருக்கு அவள் பெயர் மட்டும் இல்லை. போரில் எல்லாம் இழந்த குழந்தைகளில் ஒருத்தி, டான்யாலோடு காட்டுவழியில் போன சின்னப் பெண், பக்கத்திலேயே மிரியல். டகேராஸ் அந்தக் குழந்தைகளை ஏற்றுக்கொண்டுதான் மறுபடி மனிதனாகிறான். அதைப் படித்துவிட்டு வருபவருக்கு, கர்னாக் தன் மகனுக்குக் கொடுத்த தண்டனை எவ்வளவு அற்பம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதனால் 1986-ஐ முதலில் எடுங்கள், பிறகு 1992. மூன்றாவதற்கு அவசரம் இல்லை.